ஒருத்தருக்குச் சண்டை, இன்னொருத்தருக்குப் பேச்சு: நண்பர்களோடு ரோல்பிளே ஆடத் தொடங்குபவர்களுக்கு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளே ஆட்டத்தை நடத்த முன்வரும் எல்லாரும் முதலில் பயப்படுவது விதிகளைப் பார்த்துத்தான். 300 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம், ஆறு வகைப் பகடை, மந்திரங்களுக்கென்று தனி அத்தியாயம். அந்தப் பயம் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய்விடும். குழு கலைவதற்குக் காரணம் வேறு. ஒருவர் சண்டை போட வந்திருப்பார், ஒருவர் வசனம் பேச வந்திருப்பார், ஒருவர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டு நண்பர்களைப் பார்த்துவிட்டுப் போக வந்திருப்பார். மூவரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டமே தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆட்டத்தில் அவரை டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொள்வார்கள். டி.எம். நிலைமையைச் சொல்வார், தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் 20 முகப் பகடையை உருட்டுவார்கள். அவ்வளவுதான். டி அண்ட் டி 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. சின்னப் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து கிளைத்தது. அதனால் கணக்குப் போட்டுச் சண்டை பிடிப்பவர்களும் கதையில் மூழ்குபவர்களும் ஆரம்பத்திலிருந்தே ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கு ஒரு வரியில் தீர்வு சொல்லிவிடுவார்கள்: ஒத்துவராவிட்டால் வேறு குழு தேடிக்கொள். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அது நடக்கிற காரியமா? இங்கே குழு என்பது பெரும்பாலும் காலேஜில் ஒன்றாகப் படித்த நாலைந்து பேர். ஒருவர் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, ஒருவர் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஒருவர் அப்பாவின் லேத் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் கோபியில் டீச்சர், கடைசியாக இவர்களில் யாரோ ஒருவருடைய தம்பி. இந்த ஐந்து பேரை விட்டால் ஆறாவது ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதோடு, அடுத்த மாதம் இவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் போயாக வேண்டும். ஆகவே இருக்கிற ஐந்து பேரை வைத்துக்கொண்டுதான் ஆட்டத்தை நடத்தியாக வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பார்கள். அடுத்த ஞாயிறு "கொஞ்சம் வேலைங்க". அதற்கடுத்த ஞாயிறு போனையே எடுக்க மாட்டார்கள். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல், மரியாதைக்காரர்களிடமிருந்து உண்மையை எப்படி வாங்குவது என்பதுதான்.

1. யார் எதற்கு வருகிறார் என்று பாருங்கள்

ஆட்டக்காரர்களை வகை பிரிப்பது பழைய பழக்கம். 1980-லேயே கிளென் பிளாக்கோ என்பவர் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' என்ற அமெரிக்க இதழில் நாலு வகை சொன்னார்: கேரக்டராகவே மாறி வாழ விரும்புபவர், கதை நகர வேண்டும் என்பவர், தன் கேரக்டரின் பலம் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பவர், போர்த் தந்திரத்தை ரசிப்பவர். அதற்குப் பிறகு எத்தனையோ பட்டியல்கள் வந்துவிட்டன. எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் எப்போது போனைக் கீழே வைக்கிறார்?

பட்டறைக்காரர், "எல்லாரும் இனிஷியேட்டிவ் போடுங்க" (சண்டையில் யார் முறை முதலில் என்று பார்க்க உருட்டும் பகடை) என்று டி.எம். சொன்னதும் போனைக் கவிழ்த்து வைக்கிறாரா? அவருக்குச் சண்டை. தன் முறை வராதபோதும் கேரக்டரின் பலமும் திறமையும் எழுதியிருக்கிற கேரக்டர் ஷீட்டைப் புரட்டி அடுத்த லெவலில் எதை எடுக்கலாம் என்று பென்சிலால் கணக்குப் போடுகிறாரா? அவருக்குக் கணக்குத்தான் ஆட்டம். டீச்சர், சத்திரக்காரக் கிழவியோடு பேசும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து குரலை மாற்றுகிறாரா? அவருக்குப் பேச்சு. "அந்தக் கோபுரத்த யாரு கட்டுனாங்க? ஏன் பாதியில விட்டாங்க?" என்று யாருக்கும் தேவையில்லாத கேள்வி கேட்பவருக்கு அந்த உலகத்தைத் துருவிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கடைசி வரை போனைக் கீழே வைக்காமல், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவர். புதிதாக டி.எம். ஆனவர்கள் இவரைத்தான் முதலில் திருத்தப் பார்ப்பார்கள். அவர் கேரக்டருக்குக் காணாமல் போன அப்பாவை உருவாக்குவார்கள், சாபம் வைப்பார்கள், தனிக் காட்சி எழுதுவார்கள். வேண்டாம். அவர் நண்பர்களோடு இருக்கத்தான் வருகிறார். முறை வரும்போது பகடை உருட்டுவார், நல்ல எண் விழுந்தால் கூச்சல் போடுவார், பஜ்ஜி வாங்கிவருவார். குழு ஒன்றாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அவராகவே இருக்கலாம். சுலபமான கேரக்டர் ஒன்றைக் கொடுத்து நிம்மதியாக விடுங்கள். மந்திரவாதி வேண்டாம், வாள்வீரன் போதும்.

ஒருவரே இரண்டு வகையாகவும் இருப்பார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, வசனக்காரரும் சண்டையைத்தான் கேட்பார். ஆளுக்கு நிரந்தரமாகப் பேர் ஒட்டிவிடாதீர்கள்.

2. ஆட்டத்துக்கு முன்பு ஒரு கூட்டம்

இதைச் செஷன் ஜீரோ என்பார்கள். கதை தொடங்குவதற்கு முன்பு எல்லாரும் உட்கார்ந்து, என்ன மாதிரி ஆட்டம் வேண்டும் என்று பேசிக்கொள்வது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று சுற்றிக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே மற்ற நாலு பேரும் சொல்வார்கள். அந்த முதல் ஆள் பெரும்பாலும் வயதில் மூத்தவர். "அண்ணன் சொன்ன மாதிரியே வெச்சுக்கலாங்க."

அதனால் வாயால் கேட்காதீர்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். மேசையில் நாலு சீட்டு வையுங்கள்: சண்டை, பேச்சு, தேடல், அரட்டை. எத்தனையை எதற்கு என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் முடிவு செய்து தனித் தாளில் எழுதிவிட்டு, பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டைகளைப் பிரித்து வைக்க வேண்டும். அடுத்தவர் வைப்பதைப் பார்த்து மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் முதலில் தாள். கொட்டை எதற்கு என்றால், ஒரு சீட்டின் மேல் ஒருவர் எட்டுக் கொட்டையைக் குவிப்பதை எல்லாரும் கண்ணால் பார்க்கும்போது ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

பார்த்த பிறகு சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் சண்டைக்கு எட்டு, இன்னொருவர் பேச்சுக்கு எட்டு வைத்தால், இரண்டையும் பாதிப்பாதி கலந்து கொடுத்தால் இரண்டு பேருமே சலித்துப்போவார்கள். முழுச் சண்டை ஒன்று, முழுப் பேச்சுக் காட்சி ஒன்று, அடுத்தடுத்து. மற்றவரின் காட்சி நடக்கும்போது காத்திருக்க ஒருவரால் எவ்வளவு நேரம் முடியும் என்பதையும் கேட்டுவிடுங்கள். அரை மணி என்பார்கள். கால் மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டிய சில்லறை விஷயங்கள்: கேரக்டர் செத்தால் செத்ததுதானா, மீட்க வழி உண்டா? ஒருவரின் கேரக்டர் இன்னொருவருடையதைத் திருடலாமா, அடிக்கலாமா? (புதுக் குழுவுக்கு என் பரிந்துரை: கூடாது.) லெவல் ஏறுவது ஒவ்வொரு சண்டைக்கும் புள்ளி கணக்கிட்டா, கதை ஒரு கட்டம் தாண்டும்போது எல்லாருக்கும் சேர்த்தா? கணக்குக்காரருக்கு முதலாவது பிடிக்கும். ஆனால் வாரம் ஒருவர் வராமல் போகும் குழுவுக்கு இரண்டாவதுதான் சரி.

மரியாதைச் சொல் பற்றியும் பேசிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம் ஊரில் ஆட்டத்தையே மாற்றிவிடும். இருபத்திரண்டு வயதுத் தம்பி ராஜாவாக ஆடுகிறான். முப்பது வயது அண்ணன் அவனுடைய சேவகன். தம்பி வாயிலிருந்து "டேய், வாளைக் கொண்டா" என்பது வராது. "அண்ணா, அந்த வாளைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்றுதான் வரும். ராஜா அத்தோடு முடிந்தார். மூத்தவரே முதலில், "ஆட்டத்துல என்னை வா போன்னே பேசுடா, ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட வேண்டும். அப்படியும் கூச்சம் போகாதவர்கள் "என் கேரக்டர் அவனைத் திட்டறான்" என்று மூன்றாம் ஆளாகச் சொல்லட்டும். குரல் மாற்றி நடித்தால்தான் ரோல்பிளே என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எதைத் தொடக் கூடாது என்பதையும் இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சிலந்திப் பயம், குழந்தைகளுக்கு ஆபத்து என்றெல்லாம் உதாரணம் தருவார்கள். இங்கே முதலில் சாதி. கொங்கு மண்ணை வைத்தே ஒரு கதை நடத்தலாம் என்று ஆசை வரும். வரத்தான் செய்யும், உடுக்கடிப் பாட்டாகக் கேட்ட பொன்னர், சங்கர் கதையில் கொம்பன் பன்றியிலிருந்து போர்க்களம் வரை எல்லாம் இருக்கிறது. ஆனால் அதில் மோதுகிற இரண்டு தரப்பும் இன்றைக்கும் இருக்கிற சமூகங்கள். உங்கள் மேசையில் இரண்டு தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம், அந்த அண்ணன்மாரைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்களும் இருக்கலாம். பெயரையும் ஊரையும் மாற்றி, பன்றி வேட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காதலித்ததற்காகக் கொலை செய்வது போன்றவை நம் பக்கத்தில் செய்தித்தாளில் வருபவை. எல்லாரும் சரி என்று சொல்லாமல் அவற்றைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள்.

ஆட்டத்தின் நடுவே யாருக்காவது சங்கடம் வந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ் கார்டு முறை இங்கேயும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. முதல் நாளே டி.எம். ஒரு தடவை சும்மாவாவது தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்குக் கை வரும்.

3. நேரக் கணக்கு

எந்த நாள் என்பதில் குழப்பமே வேண்டாம், ஞாயிறு மதியம்தான். சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள், கம்பெனிக்காரர் வர மாட்டார். தீபாவளிக்கு முந்தின மாதம் அவரை எதிர்பார்க்கவே வேண்டாம். மூன்று மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்தால் பொள்ளாச்சிக்காரரும் கோபிக்காரரும் பஸ் பிடிக்கலாம். (ஆடி மாதம் மொட்டை மாடியில் மட்டும் ஆடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கேரக்டர் ஷீட்டை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடும்.)

நாலு மணி நேரத்தில் முதல் அரை மணி அரட்டைக்குப் போகும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அரட்டைச் சீட்டில் கொட்டை வைத்தவருக்கான நேரம் அது. மூன்றரைக்கு ஆட்டம் என்று அறிவித்துவிட்டு மூன்று மணிக்கே வரச் சொல்லுங்கள்.

மிச்சம் மூன்றரை மணி. டி அண்ட் டி-யில் சண்டையின் ஒரு சுற்று கதைக்குள் 6 விநாடிதான். மேசையில் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் எடுத்து, எதிரிகளின் முறையும் வந்தால் கால் மணியைத் தாண்டிவிடும். நாலு சுற்றுச் சண்டை என்றால் ஒரு மணி நேரம் போய்விட்டது. பேச்சுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது நாலு முறைதான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பெரிய சண்டை, கூடவே ஒரு சின்ன உரசல், அதற்கு மேல் வேண்டாம். சண்டையைச் சுருக்க எளிய வழி: யார் முறை என்பதோடு, அடுத்து யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இப்ப நீங்க, அடுத்து அக்கா." அக்கா அதற்குள் யோசித்து வைத்திருப்பார்.

4. எல்லாருக்கும் வேலை இருக்கிற காட்சி

நேரத்தைப் பங்கிடுவது ஒரு வழி. அதைவிட நல்லது, ஒரே காட்சிக்குள் நாலு பேருக்கும் வெவ்வேறு வேலை வைப்பது. எழுதுவது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம், சந்தைக்குப் போய் வந்தவர்கள் யாரும் எழுதிவிடலாம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மாற்றி உங்கள் கற்பனை ராஜ்யத்தில் இறக்குங்கள். ராஜாவின் குதிரை திருட்டுப் போயிருக்கிறது, அது இந்தச் சந்தையில் எங்கேயோ சாயம் பூசி நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

துருவிப் பார்ப்பவருக்கு வேலை: நூறு குதிரைகளில் எது அது? பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லலாம், சுழி பார்க்கலாம், வெயிலில் வேர்க்கும்போது சாயம் கரைகிறதா என்று பார்க்கலாம். அவர் சரியான கேள்வி கேட்டால் பகடை இல்லாமலே தகவலைக் கொடுங்கள். கேட்காவிட்டால் 20 முகப் பகடையில் 15 வர வேண்டும் என்று வையுங்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் நடுத்தரமான கஷ்டத்துக்கு அதுதான் எண். பேச்சுக்காரருக்கு வேலை: தரகர். விலையை வாயால் சொல்ல மாட்டார், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். நிஜமாகவே ஒரு துண்டை எடுத்து மேசையில் போடுங்கள். டி.எம். தரகராக உட்கார்ந்து துண்டுக்குள் கை நீட்டினால், வசனமே பேசாத தம்பிகூட ஒரு விரலைப் பிடித்துப் பார்ப்பான். அவனுக்கு நடிப்பு இப்படித்தான் வரும், பேச்சில் வராது.

கணக்குக்காரருக்கு வேலை: கையில் இருக்கிற பொற்காசு போதாது. எதை விற்று, யாரிடம் கடன் வாங்கி, எந்த மந்திரத்தை மிச்சம் பிடித்தால் இந்தக் குதிரை நமக்கு? எண்களை மறைக்காமல் அவர் முன்னால் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். சண்டைக்காரருக்கு: சந்தை வாசலில் திருடனின் ஆட்கள் ஆறு பேர் தடியோடு நிற்கிறார்கள். ஆனால் சண்டையின் நோக்கம் ஆறு பேரையும் கொல்வது என்று வைக்காதீர்கள். குதிரை மிரளாமல் வாசலைத் தாண்ட வேண்டும் என்று வையுங்கள். அப்போது சண்டைக்காரர் அடிப்பார், பேச்சுக்காரர் கூட்டத்தைத் தூண்டிவிடுவார், துருவுபவர் தட்டிப் பந்தலைச் சரித்து வழியை அடைப்பார். "கொல்" என்பதைத் தவிர வேறு நோக்கம் இருக்கிற எந்தச் சண்டையிலும் சண்டை பிடிக்காதவர்களுக்கும் வேலை கிடைத்துவிடும்.

எல்லா வாரமும் இப்படி எழுத முடியாது. மாதத்துக்கு ஒன்று எழுதினால் போதும்.

5. ஆட்டம் ஓடும்போது

பங்காளிகள் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்களே, அந்த மாதிரி பேச்சுக்கும் முறை வையுங்கள். டி.எம். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள், அதில் ஐந்து பெயர். ஒருவர் காட்சியை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒருவருக்குப் பத்துக் கோடு, ஒருவருக்கு ஒன்று என்று இருக்கும். பத்துக் கோட்டுக்காரரை அடக்க வேண்டாம். ஒற்றைக் கோட்டுக்காரரிடம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

அந்தக் கேள்வியும் "நீங்க என்ன பண்றீங்க?" என்று திறந்தபடி இருந்தால் பேச்சு குறைந்தவருக்குத் திணறல்தான். இரண்டு வழி காட்டிக் கேளுங்கள்: "கதவுக்குப் பின்னாடி சத்தம் கேக்குது. காது குடுத்துக் கேப்பீங்களா, ஓடிப்போய் மத்தவங்களக் கூப்பிடுவீங்களா?" முடிவு எடுக்கும் இடங்களில் எப்போதும் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்ற நாலு பேருக்கும் கருத்தே இருக்காது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கோட்டைக்குள்ளும் ஒரு பாதி சத்திரத்திலும் இருந்தால், ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, கதவு திறக்கப்போகிற நேரத்தில் மாற்றுங்கள். நெடுந்தொடர் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விதியில் தகராறு வந்தால் டி.எம். அப்போதைக்கு ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம். கணக்குக்காரரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: "இதைப் பாத்து அடுத்த வாரம் சொல்லுங்க." வாதாடுகிறவர் அப்போதே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

அவருடைய கேரக்டர் மற்றவர்களைவிட ரொம்பப் பலமாகிவிட்டால், எதிரியின் உயிர்ப் புள்ளியை ரகசியமாக ஏற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். கணக்குப் போடுகிற ஆளுக்கு அது இரண்டாவது சண்டையிலேயே தெரிந்துவிடும், போட்ட கணக்கெல்லாம் வீண் என்று ஆகிவிடும். நேராகச் சொல்லுங்கள். மற்றவர்களின் கேரக்டரைச் சீர் செய்ய அவரையே உதவச் சொல்லுங்கள். அவருக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை இருக்காது.

6. உரசல் வந்தால்

வரும். வழக்கமான ஒன்று: பேச்சுக்காரர் பூசாரியிடம் நயமாகப் பேசி ரகசியத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். சண்டைக்காரருக்குச் சலிப்பு. "நான் பூசாரியை வெட்டறேன்." மேசையே ஒரு கணம் வாயடைத்துப்போகும், பிறகு எல்லாரும் சிரிப்பார்கள், பேச்சுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

அந்த நேரத்தில் டி.எம். ஒன்று செய்யலாம்: "வாளை உருவப் போறீங்க. உண்மையிலேயே வெட்டணுமா?" என்று ஒரு மூச்சு இடைவெளி கொடுக்கலாம். பாதிப் பேர் கையை இறக்கிவிடுவார்கள். "என்ற கேரக்டர் அப்படிப்பட்டவன், நான் என்ன பண்ண?" என்று பதில் வந்தால், "சரி, அதே ஆளு செய்யக்கூடிய வேற ஒண்ணைச் சொல்லுங்க. கோவத்துல வெளிய போவானா? மேசையைத் தட்டுவானா?" என்று கேளுங்கள். கேரக்டரை உருவாக்கியது அவர்தான். அவன் எப்படிப்பட்டவன் என்பதை மாற்றுவதும் அவர் கையில்தான்.

செய்யவே கூடாதது, ஆட்டத்துக்குள் தண்டிப்பது. பூசாரியை வெட்டியவர் மேல் இடி விழுவது, அடுத்த வாரம் அவர் கேரக்டரைச் சிறையில் போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைப்பது. அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள மாட்டார், சவாலாக எடுத்துக்கொள்வார். அடுத்தது ராஜாவை வெட்டுவார். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போடுவதும் இதே ரகம்தான். "சிலர் மற்றவர்களையும் நினைத்துப் பார்த்தால் நல்லது" என்று போட்டால், சம்பந்தமே இல்லாத ஆள் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று வருத்தப்படுவார்.

தனியாகப் பேசுங்கள். டீக்கடை வரைக்கும் நடக்கும்போது, இல்லை பைக்கில் பஸ் ஸ்டாண்டில் விடும்போது. பேச்சு இந்த மாதிரி போகலாம்:

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அக்கா பூசாரிகிட்டப் பேசிட்டு இருக்கையில நீங்க வெட்டிப்போட்டீங்கல்லங்க, அதுக்கப்புறம் அவங்க வாயே தொறக்கல."

"அட, சும்மா ஜாலிக்குப் பண்ணுனதப்பா. அரை மணி நேரமாச் சும்மா உக்காந்திருந்தேன்."

"அது என்ற தப்புத்தானுங்க, நாந்தான் இழுத்துட்டேன். இனிமே சலிப்பா இருந்தாப் பகடைய ஒரு தட்டுத் தட்டுங்க, நான் அடுத்த எடத்துக்குப் போயிடறேன்."

"சரி, தட்டறேன்."

நடந்ததை மட்டும் சொல்கிறோம், ஆளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வேறு ஒரு வழியும் கொடுக்கிறோம். பேச்சுக்காரரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள், "பரவாயில்லீங்க" என்று முதல் தடவை சொன்னாலும் இரண்டாவது தடவை கேளுங்கள்.

7. ஆட்டம் முடிந்ததும்

"எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். பதிலாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மறுநாள் வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி: நேற்று எந்த இடம் மறுபடி வரணும்? அடுத்த வாரம் உங்க கேரக்டர் எங்க போகணும்? இரண்டுக்கும் "நல்லா இருந்துச்சு" என்று பதில் எழுத முடியாது. குறை சொல்லச் சொல்லியும் கேட்கவில்லை, அதனால் கூச்சம் இல்லை. மூன்று வாரம் தொடர்ந்து ஒருவர் சண்டை நடந்த இடத்தையே சொல்லவில்லை என்றால் சண்டை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். குரல் பதிவு அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. எழுதும்போது ஒரு வரியில் முடிப்பவர்கள் பேசும்போது மூன்று நிமிடம் பேசுவார்கள்.

8. அப்படியும் ஒத்துவராவிட்டால்

ஆட்டத்தை மாற்றிப் பாருங்கள். டி அண்ட் டி விதிகளில் பெரும்பகுதி சண்டையைப் பற்றியது. பேச்சுக்காரர்கள் மூன்று பேர் இருக்கிற குழு அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஃபியாஸ்கோ என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, 2009-ல் வந்தது. டி.எம். கிடையாது, 3 முதல் 5 பேர், ஒரே உட்காரலில் முடிந்துவிடும், பேராசைக்காரர்கள் போட்ட திட்டம் சொதப்புவதுதான் கதை. துருவுபவர்கள் அதிகம் என்றால் 1981-ல் வந்த கால் ஆஃப் துலு, மர்மத்தைத் துப்பறியும் திகில் ஆட்டம். அதில் சண்டைக்குப் போனால் கேரக்டர் பிழைப்பது கஷ்டம் என்பதைச் சண்டைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செலவைப் பற்றிக் கவலை என்றால், டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழகிப் பார்க்க அது போதும்.

டி.எம். வேலையைச் சுற்றில் விடுவதும் நல்ல மருந்து. சண்டைக்காரர் இரண்டு வாரம் நடத்தட்டும். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஐந்து பேரின் கவனத்தைப் பிடித்து வைக்கிற பாட்டைப் பார்த்தவர், அப்புறம் பூசாரியை அவ்வளவு சீக்கிரம் வெட்ட மாட்டார்.

எல்லாம் செய்தும் ஒருவருக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை என்று தெரிந்தால், அவரை விடுவிப்பதுதான் உதவி. அவராகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும்: "ஞாயித்துக்கெழமை ஆட்டத்துக்கு வரணும்னு கட்டாயமில்லீங்க. ஏழு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போறோம், அதுக்கு வந்துருங்க." மாதத்தில் ஒரு ஞாயிறு ஆட்டத்தை விட்டுவிட்டு அவருக்குப் பிடித்த சீட்டோ கேரமோ ஆடலாம். அவருடைய கேரக்டரைக் கொன்றுவிடாதீர்கள். ஏதாவது ஒரு ஊரில் கடை வைத்து உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, கேரக்டர் ஷீட்டை மற்றவர்களுடைய ஃபைலிலேயே வைத்திருங்கள், மற்றவர்களுக்கு லெவல் ஏறும்போது அதிலும் பென்சிலால் மாற்றி எழுதிவிடுங்கள். பொங்கல் லீவில் அவர் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால், வந்ததும் பகடையை எடுத்து உருட்டலாம்.